ஒரு கப் என்றால் நூற்றிருபது

மாவுக் கம்பெனியின் பேக்கிங் பிரிவில், பொட்டலத்தின் வாயை ஒட்டும் மெஷின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பவள் என் ஓரகத்தி. என் கணவரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவள் கைக்குக் கீழே ஓடுகிற ஒவ்வொரு பொட்டலத்தின் முதுகிலும் ஒரு சின்னக் கட்டம் அச்சாகியிருக்கும். ஒரு கப் மாவு நூற்றிருபது கிராம், அரைக் கப் அறுபது கிராம். அந்த நூற்றிருபதைக் கொடுத்ததே அவள் கைதான். கொடுத்த கை இப்போது பொட்டலத்துக்கு வாய் ஒட்டுகிறது. மேலாளர் இரண்டு தடவை ஆள் விட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டாள். அக்கா பழைய வேலைக்குப் போகமாட்டேன் என்கிறாள்.

கேட்பவர்களிடம் முதுகு வலி என்று சொல்லி வைத்திருக்கிறாள். முக்காலியில் நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்தால் முதுகு வலி போகுமா, வருமா? கேட்கிறவர்களும் அதை யோசிப்பதில்லை, தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்கள். நிஜமான காரணம் அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

அவளுடைய பழைய வேலை என்னவென்று சொன்னால் சிரிப்பு வரும். கப்பில் மாவு நிரப்புவது. கம்பெனியில் சோதனை அடுப்படி என்று வெள்ளை ஓடு பதித்த ஓர் அறை உண்டு. அங்கே இருக்கிற சமையல் நிபுணர்கள் ரொட்டிக்கும் கேக்குக்கும் கிராம் கணக்கில் செய்முறை எழுதுவார்கள். மாவு வாங்குகிற வீடுகளில் தராசா இருக்கிறது? கப்தான் இருக்கும். ஆகவே கிராமை யாராவது கப்பாக மாற்றித் தர வேண்டும். இதற்கு ஒரு கணக்கு வாத்தியார் போதுமே என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். மாவு அப்படி லேசில் கணக்குக்குள் அடங்காதாம். பொலபொலவென்று விட்டால் ஒரு கப்பில் கொஞ்சம்தான் நிற்கும். கப்பையே உள்ளே விட்டு அள்ளினால் கூட நிற்கும். தட்டி அமுக்கினால் இன்னும் கூட. அதே கப், அதே மாவு, ஆளுக்கு ஆள் எடை வேறு. நான் வீட்டோடு தையல் தைக்கிறவள். என் தொழிலில் இந்தத் தகராறு கிடையாது. டேப் வைத்தால் இடுப்பு இடுப்புதான், அளவு கொடுக்க வந்தவள் மூச்சை இழுத்துப் பிடிக்காத வரைக்கும்.

அதனால் கம்பெனிக்கு எப்போதும் ஒரே மாதிரி நிரப்புகிற கை ஒன்று தேவைப்பட்டது. வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரையும் நிரப்பச் சொல்லி எடை போட்டுப் பார்த்து, கடைசியில் அக்காவை எடுத்துக்கொண்டார்கள். முள்கரண்டியால் மாவைக் கிளறி இளக்குவாள். ஸ்பூனால் எடுத்துக் கப்பில் உதிர்ப்பாள். மேலே குவிந்ததைக் கத்தி முதுகால் வழித்துவிடுவாள். காலையில் நிரப்பினாலும் நூற்றிருபது, சாயந்திரம் நிரப்பினாலும் நூற்றிருபது.

"எப்படிக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நெனச்சு ரொப்புனா தப்பாப் போயிடும். வேற எதையாவது நெனச்சுக்கிட்டே ரொப்பணும்."

"நீங்க என்ன நெனப்பீங்க?"

"கொடியில துணி காயுதே, மழை வந்துடுமோன்னு நெனப்பேன்."

அவ்வளவுதான் அவள் ரகசியம். இதற்கு அவளுக்கு வெள்ளைக் கோட்டும் தலைக்கு ஒரு வலைத்தொப்பியும் கொடுத்திருந்தார்கள். அந்த அறையில் நிபுணர்களே அவள் கப்பை எடை போடும் வரைக்கும் பேசாமல் காத்திருப்பார்கள். வீட்டில் அவளுக்கு அப்படி ஒரு மரியாதை ஒருநாளும் கிடைத்ததில்லை. அந்த வெள்ளை அறை ஒன்றுதான் அவளுக்கென்று இருந்த இடம்.

வீட்டில் ஏன் கிடைக்கவில்லை என்றால், வீடு எங்கள் நாத்தனாருடையது. எங்கள் இரண்டு பேர் கணவன்மாருக்கும் மூத்தவள். சின்ன வயதிலேயே பெற்றவர்கள் போய்விட, தம்பிகள் இரண்டு பேரையும் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகத் தூக்கி வளர்த்து, கல்யாணமே செய்துகொள்ளாமல் இருந்துவிட்டவள். அடுப்படி அவள் ராஜ்ஜியம். நாங்கள் வெங்காயம் உரிக்கலாம், பாத்திரம் தேய்க்கலாம். மாவு டின்னின் மூடியை மட்டும் தொடக்கூடாது. ரொட்டிக்கு மாவு அளப்பது அவள்தான். கப்பை மாவுக்குள் அழுத்தி அள்ளுவாள். மேடை விளிம்பில் தட் தட் என்று இரண்டு தட்டு. உட்கார்ந்த மாவின் மேல் கட்டைவிரலால் ஓர் அமுக்கு. அதற்கு மேல் இன்னொரு பிடி. அந்தத் தட்டுச் சத்தம் கேட்டால்தான் எங்கள் வீட்டில் பொழுது விடியும்.

அக்கா கல்யாணமாகி வந்த புதிதில் ஒருநாள் தெரியாத்தனமாக மாவை அளந்துவிட்டாள். உதிர்த்து, வழித்து, அவள் பாணியில். நாத்தனார் கப்பை வாங்கி ஆட்டிப் பார்த்தாள். முக்காலுக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது மாவு.

"என்னடி இது, காத்தை அளக்குற? என் தம்பிங்க காத்தைத் தின்னா வளர்ந்தாங்க?"

அன்றிலிருந்து அக்காவின் கைக்கு வீட்டில் காற்றுக்கை என்று பெயர். பிற்பாடு அதே காற்றுக்கையின் எடை பொட்டலத்தில் அச்சாகி வந்தபோது, அக்கா முதல் பொட்டலத்தைக் கொண்டுவந்து நாத்தனாரிடம் நீட்டினாள். வாழ்க்கையிலேயே அவள் பெருமைப்பட்டு நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். நாத்தனார் கட்டத்தைப் படித்துவிட்டு, எழுத்து சுவர்ப் பக்கம் இருக்கும்படி பொட்டலத்தைத் திருப்பி வைத்தாள். "ஊர்ல இருக்குற வீட்டுக்கெல்லாம் காத்து வித்துட்டு வா" என்றாள். அக்கா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

நாத்தனாரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. டீ குடித்து முடித்துப் போதும் என்று தோன்றினால் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். வாயால் சொல்லமாட்டாள். கவிழ்ந்த டம்ளரை நிமிர்த்தி இன்னும் கொஞ்சம் ஊற்றுகிற தைரியம் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது. நிமிர்ந்திருந்தால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம், நாமே புரிந்துகொண்டு ஊற்ற வேண்டும்.

அப்படிப்பட்டவளுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. முதலில் குரல் போயிற்று. பிறகு கெட்டியாக எதையும் விழுங்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லி, சத்துப் பொடி எட்டு டின் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நர்ஸ்தான் விளக்கினாள்.

"ஒரு நாளைக்கு நூத்திருபது கிராம். மூணு வேளையா வெந்நீர்ல கரைச்சுக் குடுங்க. அதுக்குக் கொறையக்கூடாது. வீட்ல தராசு இருக்கா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்காவின் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது.

"தராசு எதுக்கு? நூத்திருபதுன்னா ஒரு கப். அது இந்தக் கைக்குத் தெரியும்."

நாத்தனார் பக்கத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பேச்சு வராதே தவிர காது நன்றாகக் கேட்கும். அவள் அக்காவைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் அக்கா நாத்தனாரின் அறைக்கே டின்னைக் கொண்டுபோய், அவள் கண் முன்னாலேயே ஒரு கப் அளந்து கிண்ணத்தில் போட்டு மூடிவைப்பாள். கரைத்துக் கொடுப்பது என் வேலை. நாத்தனார் மெதுவாக, ஒவ்வொரு வாயாக, கடைசிச் சொட்டு வரைக்கும் குடிப்பாள். குடித்துவிட்டு டம்ளரைக் கட்டிலருகே இருந்த ஸ்டூலில் வைத்துத் தட்டுவாள். தட் தட். அக்கா பொடி அளக்கும்போதும் நாத்தனார் காலி டம்ளரை எடுத்து அதேபோலத் தட்டுவாள். எடுத்துக்கொண்டு போ என்கிறாளாக்கும் என்று நான் எடுத்துக்கொண்டு வருவேன். படுத்த படுக்கையிலும் அதிகாரம் குறையவில்லை பாருங்கள் என்று அக்காவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அக்கா சிரிக்கமாட்டாள். "என் கையைக் கிண்டல் பண்றாங்க. இப்பக்கூட" என்பாள். அடுத்த நாள் இன்னும் மெல்ல உதிர்ப்பாள்.

இரண்டு மாதத்துக்கு மேல் அப்படிப் போயிற்று. நாத்தனாரின் கன்னம் ஒட்டி, கை குச்சியாகி, கடைசியில் தட்டுகிற சத்தமும் மெலிந்தது. ஒரு மத்தியானம், டம்ளரைப் பிடித்தபடியே போய்விட்டாள். எங்கள் வீட்டு ஆண்கள் இரண்டு பேரும் அம்மாவைத் தொலைத்த பிள்ளைகள் மாதிரி அழுதார்கள். நானும் அழுதேன். பொய் சொல்வானேன், அடுத்த வாரம் மாவு டின்னை நானே திறந்தபோது எனக்கு நிம்மதியாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு மாதம் கழித்துத்தான் கம்பெனியில் அது தொடங்கியது. அக்கா வழக்கம் போல நிரப்பிய கப் நூற்றைம்பது காட்டியது. தராசைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். நூற்றைம்பது. மழைக்காலம், மாவு ஈரம் இழுத்திருக்கும் என்றார்கள். மாவை உலர்த்தினார்கள். நூற்றைம்பது. வேறு தராசு கொண்டுவந்தார்கள், வேறு கப் கொண்டுவந்தார்கள். மற்றவர்களை நிரப்பச் சொன்னால் சரியாகத்தான் வந்தது. அக்கா தொட்டால் நூற்றைம்பது. சர்க்கரையும் உப்பும் நிரப்பச் சொல்லிப் பார்த்தார்கள். அவை இரண்டும் எப்போதும் போலவே இருந்தன.

சர்க்கரையை யார் தட்டினாலும் பெரிதாக அமுங்காது. அமுக்கினால் உட்காருகிறது மாவுதான்.

"அக்கா, ரொப்பும்போது தட்டுறீங்களா?"

"நான் ஏண்டி தட்டப்போறேன்? என் உயிரே போனாலும் தட்டமாட்டேன்."

மேலாளருக்கும் அதே சந்தேகம். அவள் சின்ன வயசுக்காரி, எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவாள். அக்கா நிரப்புவதைக் கைப்பேசியில் படம் பிடித்து, "நீங்களே பாருங்க, எங்க தப்புன்னு" என்று அக்காவுக்கே அனுப்பிவிட்டாள். அன்று சாயந்திரம் அக்கா என் தையல் மெஷின் மேல் கைப்பேசியை வைத்து ஓட்டிக் காட்டினாள். வெளியே நல்ல வெளிச்சம் இருந்தது, தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள்.

படத்தில் அக்காவின் கை தெரிந்தது. முள்கரண்டி, ஸ்பூன், கத்தி. கத்தியை வைத்துவிட்டு இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டாள். கப் மட்டும் மேஜை மேல் தனியாக இருந்தது. தட் தட் என்று சத்தம் கேட்டது. கப் அசையவில்லை. விளிம்புக்குச் சமமாக இருந்த மாவு மட்டும், யாரோ பெருமூச்சு விட்டது போல, உள்ளே இறங்கியது. இறங்கிய மாவின் நடுவில் ஒரு சின்னக் குழி விழுந்தது. பிறகு அக்காவின் கை மறுபடி வந்து, கப் விளிம்பு வரைக்கும் இருக்க வேண்டும் என்பது விதியாதலால், குறைந்த இடத்தை உதிர்த்து நிரப்பியது.

"மேலாளர் இதைப் பாக்கலையா?" என்றேன்.

"பக்கத்து ரூம்ல சலிக்குற மெஷின் ஓடுது, அந்த ஆட்டத்துல உக்காருதுங்குறாங்க. மேஜையை மாத்திப் போட்டாங்க. அப்பவும் அதேதான்."

பேய் என்றால் அதற்கு ஒரு நேரம் காலம் வேண்டாமா? இருட்டு, நாய் ஊளை, ஒற்றை விளக்கு என்று ஏதாவது. இது பட்டப்பகலில், தொப்பி போட்ட நாலு பேர் நடுவில், கப்புக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டிலும் பார்த்தேன். அக்கா ரொட்டிக்கு ஒரு கப் நிரப்பி மேடையில் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கத் திரும்பினாள். தட் தட். நான் கப்புக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தேன். மாவில் விழுந்த குழியைக் குனிந்து பார்த்தேன். கட்டைவிரல் அளவு, உள்ளே ரேகைகூடத் தெரிந்தது. அப்புறம் பயத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது.

"செத்தும் அடங்கலையா அண்ணி உங்களுக்கு? வீட்டைத்தான் விட்டுக்குடுக்கல. வெளிய அவங்களுக்குன்னு இருந்தது ஒரே ஒரு வேலை. அதையும் புடுங்கணுமா?"

அக்கா என் வாயைப் பொத்தினாள்.

பொறாமை என்றே நான் முடிவு கட்டிவிட்டேன். மேலாளர் வேறு கெடு வைத்திருந்தாள். அடுத்த திங்கட்கிழமை பொட்டலத்தில் அச்சடிக்கப்போகிற புதுக் கட்டத்துக்கு எடை எடுக்க வேண்டும், கம்பெனிப் பெரியவர்கள் வருவார்கள், அன்றைக்கும் நூற்றைம்பது காட்டினால் பேக்கிங் பிரிவுக்கு மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை என்று. அக்கா அதைச் சொல்லும்போது வெள்ளைக் கோட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

நாத்தனாரின் பொருள்களை ஒழித்துவிட்டால் நாத்தனாரும் ஒழிவாள் என்று எனக்கு ஒரு யோசனை. மறுநாளே அவள் அறையைக் காலி செய்ய ஆரம்பித்தேன். புடவைகள், போர்வை, கட்டிலுக்கடியில் சத்துப் பொடி டின்கள். இரண்டு டின் சீல்கூடப் பிரிக்காமல் இருந்தன. தூக்கிப் போட மனம் வராமல், யாருக்காவது கொடுக்கலாமா என்று அக்காவைக் கேட்டேன்.

"ரெண்டு டின்னா?" என்றாள் அக்கா. "மிச்சம் எப்படி இருக்கும்? எட்டும் தீர வேண்டிய வாரம்தானே அவங்க போனாங்க? அந்தக் கணக்குக்குத்தானே குடுத்தாங்க?"

"நான் என்ன கண்டேன்? நீங்கதானே அளந்தீங்க."

அக்கா ஒரு டின்னை எடுத்துச் சீலைத் தடவிப் பார்த்தாள். அடுத்த நாள் காலை ஒரு டின்னைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். மத்தியானமே திரும்பி வந்துவிட்டாள். பேயறைந்த மாதிரி என்று சும்மா சொல்வோமே, அந்த முகத்தை அன்றுதான் நேரில் பார்த்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாத்தனாரின் அறைக்குப் போய் வெறுங்கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தொண்ணூறு" என்றாள்.

"என்னது தொண்ணூறு?"

"இந்தப் பொடி மாவைவிட லேசுடி. என் கையால ரொப்புனா ஒரு கப் தொண்ணூறுதான் வருது. மாவுக்கு ஒரு எடை, பொடிக்கு ஒரு எடை, சர்க்கரைக்கு ஒரு எடைன்னு அடுத்தவங்களுக்கெல்லாம் சொல்றவ நான். மாவுக் கணக்கைத் தூக்கி இதுக்குப் போட்டுட்டேன்."

எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. நூற்றிருபது கொடுக்க வேண்டிய இடத்தில் தொண்ணூறு. நாளைக்கு முப்பது கிராம் குறைச்சல். நூற்றிருபது இருக்க வேண்டிய கப்பில் இப்போது நூற்றைம்பது. அங்கே எது குறைந்ததோ அதுதான் இங்கே கூடியிருக்கிறது.

"அப்புறம் தட்டி ரொப்பிப் பாத்தேன்" என்றாள் அக்கா. "அவங்க பண்ற மாதிரியே. ரெண்டு தட்டு, ஒரு அமுக்கு, மேல ஒரு பிடி. தராசுல வெச்சேன். சரியா நூத்திருபது."

நான் ஸ்டூலைப் பார்த்தேன். அதன் மேல் பலகையில் டம்ளர் தட்டித் தட்டி வட்டவட்டமாகத் தழும்பு விழுந்திருந்தது. அந்த இரண்டு மாதத்தில் ஒருநாள்கூட நாத்தனார் டம்ளரைக் கவிழ்க்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"தட்டி ரொப்புடின்னு சொன்னாங்க" என்றாள் அக்கா. "வாய் இல்ல. வேற எப்படிச் சொல்வாங்க? பசிக்குதுன்னு என் மூஞ்சிக்கு நேராச் சொன்னாங்க. என் கையைக் கிண்டல் பண்றாங்கன்னு நான் ரோஷப்பட்டுக்கிட்டு நின்னேன்."

அப்படிச் சொல்லிவிட்டு அவள் அழுத அழுகையை நாத்தனார் செத்த அன்றுகூட நான் பார்க்கவில்லை. எப்படியும் பிழைத்திருக்க மாட்டாள், டாக்டரே கை விரித்துவிட்டாரே என்று என்னென்னவோ சொன்னேன். "பொழைக்கமாட்டாங்கன்னா பட்டினியாப் போகணுமா?" என்றாள்.

அன்று சாயந்திரமே கடைக்குப் போய் ஒரு சின்னத் தராசு வாங்கி வந்தாள். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் தராசு. முப்பது கிராம் பொடியை நிறுத்து, வெந்நீரில் கரைத்து, நாத்தனாரின் டம்ளரில் ஊற்றி ஸ்டூலில் வைத்தாள். நான் அறையை விட்டு வெளியே வந்து கதவருகே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து தட் தட் என்று கேட்டது. போய்ப் பார்த்தால் டம்ளர் வைத்தது வைத்தபடி, ஆறி ஆடை கட்டியிருந்தது. ஒரு சொட்டு குறையவில்லை.

"திங்கக்கிழமை எடை எடுக்குறாங்க" என்று நான் நச்சரித்தேன். "ரெண்டு டின்னையும் மொத்தமாக் கரைச்சு ஒரு குண்டான்ல வெச்சிடுங்க. கணக்கு இன்னைக்கே தீந்துடும். வேலை பொழைக்கும்."

"அந்தத் தொண்டையில ஒரே நாள்ல எப்படிடி எறங்கும்?"

"இப்ப ஏதுக்கா தொண்டை?"

"ஒவ்வொரு நாளும் முப்பது கொறைச்சேன். ஒவ்வொரு நாளும் முப்பதா குடுப்பேன். எத்தனை நாள் கொறைச்சேனோ அத்தனை நாள்."

திங்கட்கிழமை பெரியவர்கள் வந்தார்கள். அக்கா நிரப்பினாள். நூற்றைம்பது. இன்னொரு கப், நூற்றைம்பது. மேலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரே ஒரு கப் என்றாளாம். அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "வேண்டாம் மேடம், இன்னும் கொஞ்ச நாளைக்கு இது என் கை இல்ல" என்று சொல்லி, தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள். மறுநாளே பேக்கிங் பிரிவு. கட்டத்துக்குப் பழைய எண்ணையே அச்சடித்துக்கொண்டார்கள். கணக்குத் தீர்ந்த பிறகு மேலாளர் ஆள் விட்டபோதும், "அந்தக் கையை நம்பி இனிமே யாருக்கும் அளவு சொல்லமாட்டேன்" என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

டின் தீர இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. காலையில் நிறுத்து வைத்துவிட்டு அவள் போவாள், மத்தியானம் கரைத்து வைப்பது நான். முன்பு போலவேதான். டம்ளரை வைப்பேன், வந்து மெஷினில் உட்காருவேன், தட் தட் கேட்கும், போய் எடுத்துவந்து அப்படியே கழுவுதொட்டியில் கொட்டுவேன். யார் குடிக்கிறார்கள் என்று இத்தனை பாடு என்று சில நாள் எரிச்சலாக வரும். ஆனால் சத்தம் வருவதற்கு முன்னால் ஒருநாளும் உள்ளே போனதில்லை, எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை. வீட்டு ஆண்கள் அந்த அறைப் பக்கமே வருவதில்லை. என் கணவர் மட்டும் ஒருநாள் தட்டுச் சத்தத்தைக் கேட்டு, "எங்க அக்கா இன்னும் அடுப்படியில இருக்குற மாதிரியே இருக்குல்ல?" என்றார். அவருக்கு அது ஆறுதலாக இருந்தது போலிருக்கிறது. நான் ஆமாம் என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோத்தேன்.

கடைசி நாளில் அக்கா லீவு போட்டாள். டின்னுக்குள் தராசுக்குப் போடுகிற அளவுக்குக்கூடப் பொடி இல்லாதது போலத் தெரிந்தது. மூலையில் ஒட்டியிருந்ததை ஸ்பூனால் சுரண்டினாள். பிறகு டின்னைத் தட்டில் கவிழ்த்து, அடியில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினாள். அவள் எதையும் தட்டி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. உதிர்ந்ததைச் சேர்த்து நிறுத்தாள். முள் முப்பதில் நின்றது.

அவளே கரைத்தாள், அவளே கொண்டுபோய் வைத்தாள். நாங்கள் இரண்டு பேரும் முன்னறையில் உட்கார்ந்தோம். நான் மெஷினில் துணியைப் போட்டுவிட்டு மிதிக்காமல் இருந்தேன். வழக்கமான நேரம் வந்தது, போயிற்று. சத்தம் வரவில்லை. தெருவில் வண்டிகள் போயின. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. கடைசியில் அக்கா எழுந்தாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

அறையில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. ஸ்டூல் இருந்த இடத்தில் இருந்தது. பலகை துளி ஈரமில்லாமல் காய்ந்திருந்தது. அதன் நடுவில் டம்ளர் கவிழ்ந்து கிடந்தது.

அக்கா அதைத் தொடவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "வயிறு நெறஞ்சுதா அண்ணி?" என்று கேட்டாள். சாயந்திரம் வரைக்கும் அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள், டம்ளர் கவிழ்ந்தபடியே இருந்தது.